படைப்புக் கணக்கும் பாமினி எழுத்தும்: அப்பச்சியின் லேப்டாப் லினக்ஸுக்கு மாறிய கதை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய கம்ப்யூட்டரில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போடப் போகிறவர்கள் டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். விண்டோஸுக்குள் எழுத்துருக்கள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்து எடுங்கள். நான் எடுக்கவில்லை. அதனால் இரண்டு நாள் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

அப்பச்சியின் (எங்கள் பக்கம் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) லேப்டாப் 2012-இல் வாங்கியது, 4 ஜிபி ராம். எங்கள் பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குப் படைக்கும் படைப்பின் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது: எந்த வீட்டில் எத்தனை புள்ளி (கல்யாணமான ஒவ்வொரு குடும்பமும் ஒரு புள்ளி), யார் வரி கட்டினார்கள், யார் பாக்கி எல்லாம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் கிடையாது. தீபாவளிக்குக் கானாடுகாத்தான் போனபோது லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்துவிடலாம் என்று இறங்கினேன். பழைய மெஷினுக்கு அதில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்புதான் சரி, பாரம் குறைவு.

காரைக்குடியில் ஒரு கடைக்குப் பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாற்றக் கொண்டுபோனேன். "இதுக்குச் செலவு பண்ணாதீங்க ஆச்சி, புதுசு வாங்கிருங்க" என்றார் கடைத் தம்பி. பிடிவாதமாக 240 ஜிபி எஸ்எஸ்டி போடச் சொன்னேன். "பழைய டிஸ்க்கை இங்கயே விட்டுட்டுப் போங்க, 200 ரூபா கழிச்சுக்கறேன்" என்றார். கணக்கு ஃபைல்கள்தான் பென் டிரைவில் இருக்கிறதே என்று தலையாட்டிவிட்டேன். நான் செய்த பெரிய தப்பு அது.

மின்ட் இன்ஸ்டால் செய்வதற்கான ஏறக்குறைய 3 ஜிபி ஃபைலை அதற்கு முந்தின நாளே இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருளை வைத்து இன்னொரு பென் டிரைவில் ஏற்றியிருந்தேன். இன்ஸ்டால் பாதியில் நின்றது. இரண்டாம் முறையும் அதே இடத்தில் நின்றது. இறக்கும்போது நடுவில் கரண்ட் போய்ப் போய் வந்ததில் ஃபைல் கெட்டிருக்கிறது. மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் செக்சம்மோடு (ஃபைல் முழுசாக வந்ததா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) ஒப்பிட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். ஒப்பிடாமல் ஒரு ராத்திரியைத் தொலைத்தேன். தம்பியின் லேப்டாப்பில் மறுபடி இறக்கிச் சரிபார்த்துப் போட்டதும் அரை மணி நேரத்தில் முடிந்தது.

அடுத்து வைஃபை. நெட்வொர்க் பட்டியலே வரவில்லை. அந்த வைஃபை சிப்பை இயக்கத் தனி டிரைவர் மென்பொருள் வேண்டும், டிரைவரை இறக்க நெட் வேண்டும்! போனைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போட்டால் நெட் வந்துவிடும். ஆனால் எங்கள் வீட்டுச் சுவர் கனத்துக்கு உள் முற்றமான வளவுக்குள் சிக்னல் எட்டாது. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து டிரைவர் மேனேஜரைத் திறந்து, அது காட்டிய டிரைவரைப் போட்டு ரீஸ்டார்ட் செய்ததும் வைஃபை உயிர் பெற்றது.

அப்பச்சியைக் கூப்பிட்டுக் கணக்கைத் திறந்து காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்கள்.

"என்ன ஆத்தா, எழுத்தெல்லாம் போச்சே?"

வரிக்கு வரி இங்கிலீஷ் எழுத்து. 'அ' இருக்க வேண்டிய இடத்தில் எம், மெய்யெழுத்தின் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் அரைப்புள்ளி. அது பாமினி. எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லாத பழைய எழுத்துரு. ஃபைலுக்குள் இருப்பது இங்கிலீஷ் எழுத்துதான், அதைத் தமிழாகக் காட்டுவது ஃபான்ட். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது. ஆனால் அப்பச்சி அதற்கு முன்பே தட்டெழுத ஆரம்பித்தவர்கள். பாமினி நெட்டில் கிடைத்தது, கடிதங்களும் ரசீதுகளும் சரியாகிவிட்டன. புள்ளிப் பட்டியல் மட்டும் வரவில்லை. அது வேறு ஃபான்ட். எந்தக் காலத்திலோ ஒரு டிடிபி கடையில் போட்டுக் கொடுத்தது. எங்கு தேடியும் இல்லை.

அப்பச்சி கோபப்படவில்லை. "நோட்டுல பழசு இருக்கு, பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னார்கள். திட்டியிருந்தால் தேவலை.

மறுநாள் முதல் பஸ். கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். டிஸ்க் மேஜை டிராயரில் அப்படியே இருந்தது. அன்று சாயங்காலம் இன்னொரு மெஷினுக்கு அழித்துப் போடுவதாக இருந்ததாம். 200 ரூபாயைத் திருப்பிக் கொடுத்து, கூடவே டிஸ்க்கை உள்ளே வைத்து லேப்டாப்பில் செருக ஒரு யுஎஸ்பி கேஸும் வாங்கிக்கொண்டேன்.

ஃபான்ட்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்து, ஹோம் ஃபோல்டருக்குள் டாட் ஃபான்ட்ஸ் (.fonts) என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி உள்ளே போட்டேன். டாட்டில் தொடங்கும் ஃபோல்டர் கண்ணுக்குத் தெரியாது, கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினால் தெரியும். லாக் அவுட் செய்து உள்ளே வந்து லிப்ரே ஆபிஸில் திறந்தேன். ஐயா பெயரிலிருந்து வரிசையாக அத்தனை பெயரும் தமிழில் வந்து நின்றன. டைப் அடிக்கவும் அப்பச்சி புதிதாக எதையும் கற்க வேண்டியிருக்கவில்லை. அதே ஃபான்டைத் தேர்ந்தெடுத்து, பழகிய விரலில் அடிக்கிறார்கள்.

பிரிண்டர் இன்னும் வேலை செய்யவில்லை. நீங்களாவது இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே, பென் டிரைவிலிருந்து மின்ட்டை ஓட்டும்போதே, வைஃபை, பிரிண்டர் இரண்டையும் சோதித்துவிடுங்கள். இப்போதைக்கு அப்பச்சி பிடிஎஃப் ஆக்கி எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். பழைய டிஸ்க் பெட்டகத்தில் இருக்கிறது.