எங்கள் ஊர்க் குதிரைக்காரனுக்குத் தலை கிடையாது

2024 ஆகஸ்டில் டாரிடவுனுக்குக் குடிவந்தோம். நியூயார்க் நகரத்தில் ரயிலேறி ஹட்சன் ஆற்றை ஒட்டியே வடக்கே வந்தால் முக்கால் மணி நேரம், அவ்வளவுதான். வீடு பார்க்க வந்த அன்றே பக்கத்து ஊர் வழியாகப் போகும்போது ஒரு தீயணைப்பு வண்டி நின்றிருந்தது, அதன் பக்கவாட்டில் தலையில்லாத ஒருவன் குதிரையில் பாய்ந்து வருகிற படம். மகளுக்கு ஏழு வயது. "அம்மா, அந்த மாமாவோட தலை எங்கே?" என்றாள். எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பக்கத்து ஊரின் பெயர் ஸ்லீப்பி ஹாலோ. 1996 வரை அது நார்த் டாரிடவுன். அங்கிருந்த பெரிய கார் தொழிற்சாலை அதே வருஷம் மூடியது. ஊர் மக்கள் ஓட்டுப்போட்டு ஒரு பேய்க் கதையின் பெயரையே ஊருக்கு வைத்துக்கொண்டார்கள். உயர்நிலைப் பள்ளி விளையாட்டு அணிக்கும் குதிரைக்காரர்கள் என்றுதான் பெயர். அக்டோபர் 31 இங்கே ஹாலோவீன், பிள்ளைகள் பேய் வேஷம் போடுகிற பண்டிகை. அந்த மாதம் பிறந்ததும் வீட்டுக்கு வீடு வாசற்படியில் பூசணிக்காய், மரத்தில் தொங்கும் எலும்புக்கூடு, புல்தரையில் அட்டைக் கல்லறைகள். நம் ஊரில் பூசணிக்காயில் முகம் வரைந்து தொங்கவிட்டால் அது கண்ணேறு கழிக்க. இங்கே அதைக் குடைந்து உள்ளே மெழுகுவத்தி ஏற்றுகிறார்கள்.

அந்த மாதம்தான் குழந்தைகளுக்கான கதை நேரம் ஒன்றில் அந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்தாள். நான்கு ராத்திரி தூங்கவில்லை. விளக்கை அணைக்கக்கூடாது, ஜன்னல் பக்கம் படுக்கமாட்டேன், பாத்ரூமுக்கு நான் கூட வரவேண்டும். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பிள்ளைகளிடம் போய் இதையெல்லாமா சொல்வார்கள் என்று கணவரிடம் கத்தினேன், இனி இந்த வீட்டில் பேய்க் கதைப் புத்தகமே கூடாது என்று சட்டம் போட்டேன். ஐந்தாம் நாள் அவள் தூங்கியபிறகு, அப்படி என்னதான் இருக்கிறது என்று அந்தக் கதையை எடுத்து நானே படித்தேன்.

அமெரிக்க எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங் 1820-இல் வெளியிட்டது. இக்கபாட் கிரேன் என்று ஒரு வாத்தியார், கனெக்டிகட்டிலிருந்து பிழைப்புக்காக இந்தப் பக்கம் வந்தவர். சொந்த வீடு இல்லை, வாரத்துக்கு ஒரு பிள்ளையின் வீட்டில் தங்கல். சுற்றிலும் டச்சுக் குடியானவர்கள், எல்லோரும் பல தலைமுறையாக ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், இவர் மட்டும் வெளியூர். ராத்திரி அந்த வீட்டுப் பெண்களோடு அடுப்பங்கரை நெருப்பருகே உட்கார்ந்து பேய்க் கதை கேட்பார். கேட்கும்போது சுகம், தனியாக இருட்டில் திரும்பி நடக்கும்போது ஒவ்வொரு புதரும் பூதம். இதைப் படித்ததும் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். இது நான்தான், எங்கள் மேலூர்ப் பக்கத்துத் திண்ணைதான்.

அப்பத்தா வெற்றிலையை மடித்து வாயில் ஒதுக்கிக்கொண்டுதான் ஆரம்பிக்கும். நடுச்சாமத்தில் அய்யனார் வெள்ளைக் குதிரையேறி ஊர் எல்லையைச் சுற்றி வருவார், குளம்புச் சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கக்கூடாது, குறுக்கே போகக்கூடாது. கண்மாய்க் கரையில் மண் குதிரைகள் வரிசையாக நிற்கும், அதில் ஒன்றுக்கு ஒரு காது ஒடிந்திருக்கும், ராத்திரி புளியங்கிளையில் இடித்து ஒடிந்தது என்று அப்பத்தா சொல்லும். கதை முடிந்து கொல்லைப்பக்கம் போகவேண்டும் என்றால் எங்கள் நான்கு பேருக்கும் உயிரே போய்விடும். ஆனால் அடுத்த நாள் விளக்கு வைத்ததும் மறுபடி அதே திண்ணை, அதே மடி. பயந்துபோகிற பிள்ளைக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கை பக்கத்திலேயே இருந்தது. என் மகளுக்கு அந்தக் கை இல்லாமல் போனதுதான் குறை, கதையில் குறை இல்லை. அவள் கேட்டுவிட்டு வந்து எங்கள் சண்டையைத்தான் பார்த்தாள்.

ஆறாம் நாள் நானே சொன்னேன். சும்மா இல்லை, விளக்கைக் குறைத்து, போர்வைக்குள் இருவரும் உட்கார்ந்து. தலையில்லாதவன் யார் என்பதிலிருந்து ஆரம்பித்தேன். அவன் ஹெஸ்ஸியன், அதாவது ஜெர்மனியின் ஹெஸ்ஸே பகுதிக்காரன். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் கூலிக்கு அமர்த்திக் கப்பலேற்றிய படைகளில் ஒருவன், பீரங்கிக் குண்டில் தலை போய்விட்டது. இங்கிருந்து காரில் கால் மணி நேரத்தில் இருக்கும் ஒயிட் பிளெயின்ஸில் 1776 அக்டோபர் 28 அன்று உண்மையாகவே சண்டை நடந்தது, ஹெஸ்ஸியர்கள் அதில் இருந்தார்கள். "அவன் அம்மா எங்கே?" என்றாள். ஜெர்மனியில் என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

அப்புறம் பாலம். விருந்திலிருந்து வாத்தியார் ராத்திரி திரும்பி வருகிறார், பின்னால் குதிரை, பாலத்தைத் தாண்டிவிட்டால் தப்பித்தோம் என்று தாண்டுகிறார், திரும்பிப் பார்க்கிறார், அவன் தன் தலையைத் தூக்கி எறிகிறான். காலையில் வாத்தியாரைக் காணோம். அவருடைய தொப்பி கிடக்கிறது, பக்கத்தில் சிதறிய பூசணிக்காய். வந்தது பேயா, அவருக்குப் பெண் விஷயத்தில் போட்டியாக இருந்த உள்ளூர் முரடனா என்று இர்விங் அடித்துச் சொல்வதில்லை. அந்தக் கதையில் ஹாலோவீன் என்ற சொல்லே கிடையாது என்பது எனக்கு ஆச்சரியம், பண்டிகைதான் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

சொல்லச் சொல்ல எனக்கே சில விஷயங்கள் பிடிபட்டன. சின்னப் பிள்ளைகளின் பேய்க் கதைக்கு ரத்தம் வேண்டாம், சத்தம் போதும். குளம்புச் சத்தத்தை மெத்தையில் விரலால் தட்டினேன், முதலில் தூரமாக, பிறகு கிட்டத்தில், பிறகு சட்டென்று நிறுத்தம். அந்த நிறுத்தத்தில்தான் என் கையை இறுக்கிப் பிடித்தாள். அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெயின் சிறுவயதில் மாமா பண்ணையில் அடிமையாக இருந்த ஒரு பெரியவரிடம் கேட்ட தங்கக் கை பேய்க் கதையை மேடைகளில் சொல்வாராம். அதன் உயிரே கடைசி வரிக்கு முன்னால் விடுகிற இடைவெளிதான், அளவு பிசகினால் எல்லாம் போச்சு என்று எழுதியிருக்கிறார். அப்பத்தா அந்த இடத்தில் வெற்றிலை துப்ப எழுந்து போகும்.

முடித்ததும் அய்யனார் கதையையும் சொன்னேன், ஒடிந்த காது உட்பட. "அப்ப அவர் நல்ல குதிரைக்காரரா?" நல்லவர்தான், ஆனால் குறுக்கே போகக்கூடாது என்றேன். அன்றைக்குத் தூங்கினாள்.

அந்த வருஷம் தீபாவளியும் அக்டோபர் 31, வியாழக்கிழமை. விடியற்காலை எண்ணெய்க் குளியல், புதுப் பாவாடை, இரண்டு அதிரசம், அப்புறம் ஸ்கூல். சாயங்காலம் பாவாடையைக் கழற்றிவிட்டு கறுப்பு அங்கி மாட்டிக்கொண்டாள். அன்று குளிரே இல்லை. வாசல் விளக்கு எரிகிற வீட்டுக்குத்தான் மிட்டாய் கேட்டுப் போகவேண்டும், அணைந்திருந்தால் தொந்தரவு செய்யக்கூடாது என்பது இங்கே வழக்கம். எங்கள் வாசலில் படிக்கு இரண்டு அகல் விளக்கு, நடுவே பூசணிக்காய். அதனால்தானோ என்னவோ பிள்ளைகள் வந்தபடியே இருந்தார்கள், எட்டு மணிக்குள் மிட்டாய் தீர்ந்து முறுக்கைக் கொடுக்க ஆரம்பித்தேன். இரண்டு மாதமாகத் தலையசைப்போடு நிறுத்திக்கொண்ட எதிர்வீட்டு அம்மா அன்று படியில் உட்கார்ந்து, பழைய பாலம் இப்போது இல்லை, அது இருந்த இடத்தருகே ஒரு பலகை மட்டும் இருக்கிறது என்று கதை கதையாகச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம், மேட்டிலிருக்கும் பழைய டச்சுத் தேவாலயத்தையும், அதன் பக்கத்துக் கல்லறைத் தோட்டத்தில் இர்விங்கின் கல்லறையையும். 1859-இல் இறந்திருக்கிறார்.

நவம்பரில் வகுப்பில் ஒரு குட்டிப் பேய்க் கதை எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியது முக்கால் பக்கம். ராத்திரி பாலத்தில் தலையில்லாதவன் வருகிறான், எதிரே அய்யனார். "எந்த ஊரு?" என்று கேட்கிறார். வாய் இல்லாததால் அவனால் பதில் சொல்லமுடியவில்லை. அய்யனார் இறங்கிப்போய் ஒரு வீட்டுப் படியிலிருந்து பூசணிக்காயை எடுத்துவந்து அவன் கழுத்தில் வைக்கிறார். அது முதலில் சொன்ன சொல் ஹெஸ்ஸே. கீழே படமும் வரைந்திருந்தாள், இரண்டு குதிரைகள். வெள்ளைக் குதிரைக்கு ஒரு காதுதான் இருந்தது.