டிராயிங்கில் இல்லாத டிசைன்

கோவையில் ஒரு குடும்ப பம்ப் கம்பெனியில் டிசைன் இன்ஜினியராகச் சேர்ந்தபோது, அங்கே டிசைன் டிபார்ட்மென்ட் என்று ஒன்றும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர், அதைச் சுற்றிப் பழைய இம்பெல்லர்கள், அதாவது பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரங்கள். இவர்களுக்குப் புதுசாக யோசிக்க வராது என்று வெளியாட்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இந்த ஊர் சப்மெர்சிபிள் மோட்டாரையே பாருங்கள். உள்ளே தண்ணீர் நிரப்பியது. எரிந்தால் பக்கத்து டவுன் மெக்கானிக்கே ரீவைண்டிங் செய்துவிடுவார். 415 வோல்ட் வரவேண்டிய லைனில் 300 வருவதே பெரிது என்கிற ஊருக்குத் தகுந்தபடி வைண்டிங்கை மாற்றிக் கொடுப்பார்கள். டீலர் காலையில் போன் செய்தால் சாயங்காலத்துக்குள் முதலாளி முடிவெடுத்துவிடுவார்.

சிக்கல் வேறிடத்தில். வார்ப்பு அச்சு எடுக்க வைக்கும் மாதிரி உருவம்தான் பேட்டர்ன்; அதைச் செய்யும் எங்கள் பேட்டர்ன்காரரிடம் ஒரு ஸ்கேல் உண்டு. நம் ஸ்கேலோடு ஒட்டிவைத்துப் பார்த்தால் அதன் ஒவ்வொரு கோடும் கொஞ்சம் தள்ளி இருக்கும். வார்ப்பிரும்பு ஆறும்போது சுமார் 1 சதவீதம் சுருங்குமே, அதையும் சேர்த்துப் போட்ட அளவு. இம்பெல்லரின் வேன் (இறக்கை) வளைவை அரம் போட்டு அவரே திருத்துவார், எங்கேயும் எழுதமாட்டார். டிராயிங்கில் ஒரு கோணம், பேட்டர்னில் வேறு கோணம். நன்றாக ஓடியது பேட்டர்னில் இருந்ததுதான்.

டெஸ்டிங்கில் ஆம்பியர் கூடினால், "ரெண்டு மில்லி கடைஞ்சு விட்ருங்க தம்பி" என்பார் முதலாளி. இம்பெல்லரின் விட்டம் குறைந்தால் இழுக்கும் பவர் ஏறக்குறைய அதன் மும்மடியில் இறங்கும், ஆம்பியர் அடங்கிவிடும். அதிகம் கடைந்தால் எஃபிஷியன்சியும் போகும். மின்சிக்கனத்துக்கான ஸ்டார் லேபிளுக்கு ஆசைப்பட்டபோது இந்தக் கைவைத்தியம் எடுபடவில்லை. வேன் வளைவிலேயே கைவைக்க வேண்டும். அதற்கு இப்போது இருப்பது என்ன வளைவு என்று தெரிந்தாக வேண்டுமே!

பேட்டர்ன்களை ஸ்கேன் செய்யலாம் என்றேன். "பென் டிரைவ்ல போட்டு எவனாச்சும் கொண்டு போயிட்டா?" என்றார் முதலாளி. வெட்டிப் பயமில்லை. ஒரே பவுண்டரியில்தான் நாலு கம்பெனிக்கு வார்ப்பு ஓடுகிறது. ஆனால் பேட்டர்ன்காரருக்கு வயதாகிறது என்பதை முதலாளி கணக்கிலேயே எடுக்கவில்லை. அவருடைய மகன் பேசிய பிறகு, 6 அங்குல போர்வெல் மாடல்கள் மட்டும் என்று இறங்கி வந்தார்.

ஸ்கேன் சீக்கிரம் முடிந்தது. பேட்டர்ன்காரரை உட்காரவைத்து "இதை ஏண்ணா இழைச்சீங்க?" என்று கேட்டு எழுதியதில்தான் நாள் ஓடியது. பாதிக் காரணம் மோல்டிங் மணலில் இருந்தது; அதற்கும் தண்ணீர் ஓட்டத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஓப்பன்வெல் மாடல்களுக்கு இன்னும் சம்மதம் வரவில்லை.