சுங்கை சிப்புட்: விற்பனை இல்லாத விழாவுக்கு ஒரு தோட்டத் திடல்

மலேசியாவின் பேரா மாநிலத்தில், ஈப்போவிலிருந்து கோலகங்சார் போகும் பழைய கூட்டரசுச் சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் வடக்கே வந்தால் சுங்கை சிப்புட். ரயிலும் உண்டு. ஆனால் இ.டி.எஸ். என்னும் மின்சார விரைவு ரயில் எல்லாமே இங்கே நிற்காது, பார்த்துத்தான் சீட்டு எடுக்க வேண்டும். பெயருக்கு நத்தை ஆறு என்று பொருள். ஊரைத் தாண்டினால் ஒரு காலத்தில் பால்மரம் என்னும் ரப்பர், இன்று பெரும்பாலும் செம்பனை என்னும் எண்ணெய்ப்பனை. மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. வெள்ளைக்காரத் தோட்டங்கள் துண்டு துண்டாக விலைபோன நாளில், 1960இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பாட்டாளிகளின் சிறுசிறு பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கியது.

இப்படி ஓர் ஊரில் தொண்டர்களே நடத்தும், எதையும் விற்காத, வேடிக்கை பார்க்க மட்டும் யாரும் வராத ஒரு கலைக்கூடல் வைத்தால் எப்படி இருக்கும்? அதற்கு உலகம் அறிந்த மாதிரி அமெரிக்காவின் பர்னிங் மேன் கூடல். 1986இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரையில் ஒரு மர உருவத்தைக் கொளுத்தியதில் தொடங்கி, 1990இல் நெவாடா பாலைவனத்துக்குப் போனது. தொடங்கியவர்களில் ஒருவரான லாரி ஹார்வி 2004இல் பத்துக் கொள்கைகளை எழுதினார். கட்டளையாக அல்ல, கூடியவர்கள் ஏற்கெனவே நடந்துகொண்ட விதத்தின் பதிவாக. எல்லாரையும் சேர்ப்பது, கைம்மாறு கேட்காத கொடை, வணிகம் கலவாமை, தன் தேவையைத் தானே பார்ப்பது, தன் வெளிப்பாடு, கூட்டுழைப்பு, ஊர்ப்பொறுப்பு, தடயம் விடாமை, பங்கேற்பு, அந்தக் கணத்தில் இருப்பது. தென்னாப்பிரிக்காவின் ஆப்பிரிக்காபர்ன் ‘ஒருவர் ஒருவருக்குக் கற்றுக்கொடு’ என்று பதினொன்றாவதையும் சேர்த்துக்கொண்டது.

கூட்டுழைப்பையும் பங்கேற்பையும் தோட்டத்து ஆள்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுவதும் விடிய விடிய வெங்காயம் உரிப்பதும் அதுதானே. இடிக்கும் கொள்கைகள் இரண்டு: வணிகம் கலவாமையும் தடயம் விடாமையும்.

முதலாவதற்கு மாரியம்மன் கோயில் மண்டபத்தில் மேலே பார்த்தால் போதும். மின்விசிறியின் இறக்கையில்கூட உபயகாரர் பெயர். அது கோயில் வழக்கம், குறை சொல்ல ஒன்றுமில்லை. இந்தக் கூடலில் மட்டும் அது ஆகாது. போத்தல் தண்ணீர் தரும் நிறுவனத்திடம் ஒட்டுத்தாளைக் கிழித்துவிட்டு வைப்போம் என்று முன்பே சொல்லிவிட வேண்டும். சம்மதித்தால் வாங்கலாம், பேனர் கேட்டால் வேண்டாம். திடல் தந்த தோட்ட நிர்வாகத்துக்கு நேரில் போய் நன்றி சொன்னால் போதும். நெவாடாவில் பனிக்கட்டிக்கு மட்டும் விதிவிலக்கு, அதை நடத்துபவர்களே விற்கிறார்கள். இங்கே பனிக்கட்டிக் கடை பக்கத்திலேயே இருப்பதால் அதுவும் தேவையில்லை. கொடைக்கும் பண்டமாற்றுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் பலரும் வழுக்குவார்கள். ‘நான் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) தருகிறேன், நீ மருதாணி போடு’ என்றால் அது வியாபாரம். காசு தொடாத விழாவுக்கும் செலவு உண்டு. வரவு செலவை ஒரே பலகையில் எழுதி நுழைவாயிலிலேயே மாட்டிவிட்டால் முணுமுணுப்பு குறையும்.

அறுபது பேர், இரண்டு முழு நாள் என்று வைத்துக்கொள்வோம். பாலைவனத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை கேலன், அதாவது ஆறு லிட்டருக்குச் சற்றுக் குறைவு என்பார்கள். இங்கும் குடிக்கவும் சமைக்கவும் அதே ஆறு லிட்டர் சரி. மொத்தம் 720 லிட்டர், 20 லிட்டர் போத்தலில் 36. கழிப்பறை இருபது பேருக்கு ஒன்று. சாப்பாட்டில் மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் வேண்டாம். சைவத்துக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி. கரண்டி மாறினால் சண்டை. அறிவிப்புகள் தமிழ், மலாய், சீனம் மூன்றிலும் இருக்கட்டும். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) குடியிருப்பவர்களை விழா நடக்கும் நாளில் அழைப்பது மரியாதையல்ல. திட்டம் போடும் முதல் கூட்டத்திலேயே அவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

சத்தம் இரவு பத்து மணிக்கு நிற்க வேண்டும். பால் வெட்டுபவர்கள் இருட்டிலேயே எழுந்திருப்பார்கள்; குளிர்ந்த விடியலில்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறையும். ஊர்ப்பொறுப்பு என்ற கொள்கைக்கு இந்தத் திடலில் இதுதான் முதல் பொருள்.

கூடாரத்தைச் செம்பனைக்கு அடியில் போடக் கூடாது. முள் மட்டை விழும், பத்து இருபது கிலோ குலையும் விழலாம். வெட்டி அடுக்கிய மட்டைக் குவியலில் எலி, எலியைத் தேடிப் பாம்பு. பால்மரத்தில் ஆணி அடிக்காதீர்கள், பட்டைதான் அந்த மரத்தின் வருமானம். தார்ப்பாயைத் தட்டையாகக் கட்டுவது அடுத்த தவறு. நான்குக்கு ஆறு மீட்டர் பாயில் 20 மில்லிமீட்டர் மழை தேங்கினால் 480 லிட்டர், கிட்டத்தட்ட அரை டன். பேராவின் பிற்பகல் மழைக்கு அது பெரிய வேலையே இல்லை. நடுவில் கயிறு இழுத்து இருபக்கமும் சரித்து, ஒரு மூலையை இன்னும் தாழ்த்திவிட்டால் தண்ணீர் தானே வழிந்துவிடும்.

உருவத்தைக் கொளுத்தும் ஆசையை விட்டுவிடுங்கள். 1974ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திறந்தவெளி எரிப்பைத் தடுக்கிறது. சமயச் சடங்குக்கு இருக்கும் விலக்கைக் காட்டி நுழையப் பார்ப்பது அசிங்கம். மூங்கிலும் தென்னங்குருத்தும் கொண்டு கட்டி, கடைசி இரவில் எல்லாருமாக அவிழ்ப்பது இந்த மண்ணுக்குப் பொருந்தும். சணல் கயிற்றால் கட்டுங்கள். ராஃபியா என்னும் பிளாஸ்டிக் கயிறு நாராகக் கிழிந்து புல்லில் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் கட்டுப்பட்டையின் வெட்டிய நுனி, ஜிகினா, இறகு ஆகியவற்றை வாசலிலேயே நிறுத்துங்கள்.

தடயம் விடாமை பாலைவனத்தைவிட இங்கே கடினம். அங்கே வெளிர் மண்ணில் ஒரு முடி கிடந்தாலும் தெரியும். நில அதிகாரிகளின் அளவுகோல் ஏக்கருக்குச் சராசரியாக ஒரு சதுர அடிக் குப்பை, அதற்கு மேல் கூடாது. இங்கே புல் எல்லாவற்றையும் மூடிவிடும். அதனால் தொடங்கும் முன்பே திடலைப் படம் எடுத்து, சுண்ணாம்புத் தூளால் ஐந்து மீட்டர் கட்டம் போட வேண்டும். முடிந்ததும் கைக்கெட்டும் இடைவெளியில் வரிசையாக நின்று, காந்தமும் பையுமாக இருமுறை நடக்க வேண்டும். இரண்டாம் நடை காலை ஏழரை மணிக்கு, சாய்ந்த வெயிலில். கண்ணாடித் துண்டு அப்போதுதான் மின்னும். பாத்திரம் கழுவிய நீரைக் குழியில் விட்டால் களிமண் உறிஞ்சாது, மழையில் பொங்கி வழியும். சோற்றுப் பருக்கையை வடிகட்டி, டிரம்மில் நிரப்பி, வெளியே கொண்டுபோக வேண்டும்.

இந்த வேலைக்குத்தான் ஆள் கிடைக்காது. யாருக்கு எந்த நேர வேலை என்ற முறைப் பட்டியல் திறந்ததும் மாலை நேரத்துக்கு எல்லாரும் பெயர் கொடுப்பார்கள், திங்கள் காலை காலியாகக் கிடக்கும். பட்டியலைத் தலைகீழாகத் திறக்கவும்: முதலில் பிரித்தடுக்கும் முறை, அது நிரம்பிய பிறகே மற்றவை. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரு முறை நீண்டால் அடுத்த முறைக்கு ஆள் வராது. விடியற்காலைக் கூட்டத்துக்கு, தோட்டத்தில் வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் கூட்டத்தின் பெயரான பெரட்டு என்றே பெயர் வைக்கலாம். பெரியவர்கள் சிரிப்பார்கள், கங்காணி எங்கே என்பார்கள்.

வெட்டிய மூங்கிலின் முனையில் மழைநீர் தேங்கும், டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அது போதும். கணுவை ஒட்டி வெட்ட வேண்டும், இல்லையேல் மணல் நிரப்ப வேண்டும். முட்டை கொசுவாக இந்த வெப்பத்தில் ஒரு வாரம் ஆகும். ஆகவே விழா முடிந்த ஐந்தாம் நாள் இரண்டு பேர் டார்ச்சோடு திரும்பி வந்து மூங்கில், பாய் மடிப்பு, டிரம் மூடி மூன்றையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுப் போகட்டும்.