இரண்டு நாள் தாண்டியதால் வீணாய்ப் போன அம்மா ரத்தம்

அம்மாவுக்கு வலது முழங்கால் மாற்றி இன்றோடு ஆறு வாரம். வாக்கர் இல்லாமல் அடுப்படிவரை போய் வருகிறாள். இடது கால் இன்னும் பாக்கி. இரண்டையும் ஒரே தடவையில் முடித்திருக்க வேண்டியது, முடியாமல் போனதற்குக் காரணம் டாக்டரும் இல்லை, அம்மா உடம்பும் இல்லை. ஒரு ரத்தப் பையின் தேதி. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 67 வயது, கல்லிடைக்குறிச்சியில் இருக்கிறாள். பி பாசிட்டிவ்தானே, எங்கே கேட்டாலும் கிடைக்கும் என்று நாங்கள் ரத்தத்தைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஆனால் ஏற்றப்போகிற ரத்தம் அம்மா ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ் மேட்ச் பார்த்தபோது வைத்துப் பார்த்த மூன்று பையும் சேரவில்லை. மூன்று பிரசவம், அப்புறம் கர்ப்பப்பை எடுத்த சமயம் ஏற்றிய இரண்டு பாட்டில் ரத்தம், இதில் ஏதோ ஒன்றால் அவள் உடம்பில் பிறர் ரத்தத்தை எதிர்க்கிற ஆன்டிபாடி உருவாகியிருக்கிறது என்றார் டாக்டர். குரூப் ஒன்றாக இருந்தாலும் பிறர் ரத்தம் எல்லாம் ஒத்துக்கொள்ளாது, ஒத்துப்போகிற பையைத் தேடிப் பிடிக்க வேண்டும், அவசரத்துக்குக் கிடைக்காது. அதனால் அம்மா ரத்தத்தையே முன்கூட்டி இரண்டு பை எடுத்து வைத்து, ஆபரேஷனில் அதையே திருப்பி ஏற்றிவிடலாம் என்றார். அம்மா என்னைப் பார்த்து, “ஏட்டி, எடுத்துட்டு திரும்ப ஏத்துறதுக்கு, எடுக்காமலே இருக்கலாம்லா?” என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் எடுத்த பிறகு கிடைக்கிற இரண்டு மூன்று வாரத்தில், இரும்புச்சத்து மாத்திரையோடு உடம்பு புது ரத்தம் ஊறவைத்துக்கொள்ளும், பை தனியாகக் கையில் இருக்கும். அதுதான் கணக்கு.

முதல் தடவை போனது சுத்த வீண். சேரன்மகாதேவி வழி பஸ்ஸில் வந்து, திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஆட்டோ பிடித்து ரத்த வங்கிக்குப் போனால் அது மாடியில், லிஃப்ட் இல்லை. முட்டி தேய்ந்துபோன மனுஷி கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக ஏறி முடிக்கக் கால் மணி நேரம் ஆனது. மேலே இருந்தவர் வயதைக் கேட்டார், “65 தாண்டிட்டா எடுக்க மாட்டோம்” என்றார். ஹீமோகுளோபின் பார்த்தார், 11.2. “12.5 இல்லாம கை வைக்கவே கூடாது, கூட்டிட்டுப் போங்க.” தானம் கொடுக்க வரவில்லை, இவங்களுக்கே வைக்கத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று நான் சொன்னது அவர் காதிலேயே ஏறவில்லை. அவர் சொன்ன இரண்டும் பிறருக்கு ரத்த தானம் செய்பவர்களுக்கான விதி. தனக்கே எடுத்து வைப்பவருக்கு 11 இருந்தால் போதும், வயது வரம்பும் அந்த மாதிரி கிடையாது, டாக்டர் உடம்பைப் பார்த்துச் சரி என்றால் சரி. இதய வால்வு ரொம்பச் சுருங்கியவர்கள், அடிக்கடி நெஞ்சு வலி வருகிறவர்கள், உடம்பில் கிருமித் தொற்று இருப்பவர்கள் இவர்களுக்குத்தான் கூடாது. இதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

போகிறவர்கள் தயவுசெய்து வெறும் வாய்வார்த்தையோடு போகாதீர்கள். ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் எழுத்தில் வாங்குங்கள்: நோயாளிக்கே பயன்படுத்த, எத்தனை பை, ஆபரேஷன் தேதி, ஆஸ்பத்திரி எண், கையெழுத்து, முத்திரை. கூட்டிப்போவதற்கு முன்னால் ஒருவர் மட்டும் போய் அங்கே இருக்கும் டாக்டரைப் பார்த்துப் பேசிவிடுங்கள்.

இரண்டாவது தடவை கடிதம் இருந்தது, பெயர் இடித்தது. ஆதாரில் அம்மா பெயருக்கு முன்னால் தாத்தா இனிஷியல், ஆஸ்பத்திரி அட்டையில் அப்பா இனிஷியல். நம் ஊரில் பாதிப் பெண்களுக்கு இப்படித்தான் இருக்கும். ஆனால் ரத்தப் பையில் ஒரு எழுத்து மாறினாலும் ஏற்ற மாட்டார்கள், அது சரியும்கூட, ஏனென்றால் தன் ரத்தம் என்றாலும் பை மாறிப்போகிற ஆபத்து அப்படியேதான் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்குத் திரும்ப ஓடி அட்டையைத் திருத்தி வாங்கி வருவதற்குள் மதியம் ஆகிவிட்டது. அன்று ரத்தம் 10.7 ஆக இறங்கியிருந்தது. திரும்பவும் ஊருக்கு.

மாத்திரையை அம்மா ஒழுங்காகத்தான் சாப்பிட்டிருக்கிறாள், ஆனால் காபியோடு. காபி, டீ கூடச் சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் ஒட்டாது. எலுமிச்சைச் சாற்றோடு கொடுக்க ஆரம்பித்தோம், காபியை இரண்டு மணி நேரம் தள்ளிவைத்தோம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். நாலு வாரத்தில் 11.9 வந்தது.

ஜனவரி 22 முதல் பை, 30 இரண்டாவது பை. எடுப்பது இருபது நிமிட வேலை. அந்த டெக்னீஷியன் தங்கமான பையன், இரண்டு தடவையும் பையில் கட்டுகிற அட்டையில் அம்மாவையே கையெழுத்துப் போடச் சொன்னான். படுத்தபடியே போட்டதால் கையெழுத்து கோணலாக மேலே ஏறிப் போனது. ஆபரேஷன் பிப்ரவரி 12. கடைசியாக எடுப்பதற்கும் ஆபரேஷனுக்கும் நடுவே குறைந்தது மூன்று நாள் வேண்டும் என்பார்கள், எங்களுக்குக் கிட்டத்தட்ட இரண்டு வாரம் இருந்தது. எல்லாம் சரியாகப் போகிறது என்று நினைத்தேன்.

பிப்ரவரி 10 யூரின் கல்ச்சரில் கிருமி வந்துவிட்டது. செயற்கை மூட்டில் கிருமி போய் உட்கார்ந்தால் பெரிய வினை என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புதுத் தேதி கேட்டபோது 24 அல்லது 28 என்றார்கள். தம்பி நெல்லை எக்ஸ்பிரஸ்ஸில் 27 காலையில்தான் வர முடியும் என்பதால் நான்தான் 28 என்று சொன்னேன்.

27 சாயங்காலம் அட்மிஷன் போட்டுவிட்டு ரத்த வங்கிக்குப் போய்ச் சீட்டைக் கொடுத்தேன். பையன் ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, ரொம்ப நேரம் திரும்பவே இல்லை. அப்புறம், “அக்கா, முதல் பை நேத்தோட முடிஞ்சிருச்சு” என்றான். எங்களுக்கு எடுத்தது சாதாரண சிபிடிஏ பை (ரத்தம் உறையாமல் காக்கிற திரவத்தின் பெயர் அது), அதில் 35 நாள்தான் தாங்கும். சிவப்பணுவைத் தனியாகப் பிரித்து எஸ்ஏஜிஎம் திரவம் சேர்த்து வைத்திருந்தால் 42 நாள், அதாவது மார்ச் 5 வரை இருந்திருக்கும். அந்த வசதி எல்லா இடத்திலும் கிடையாது, ஆனால் கேட்டிருந்தால் இருக்கிற இடத்துக்குப் போயிருப்போம். எங்களுக்குக் கொடுத்த ரசீதில் எண் மட்டும்தான் இருந்தது. தேதி தள்ளிப்போனதை ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்குச் சொல்லவில்லை, பை முடியப்போகிறதென்று ரத்த வங்கி எங்களுக்குச் சொல்லவில்லை, நடுவில் நான் கேட்கவில்லை. 24 என்று சொல்லியிருந்தால் இரண்டு பையும் இருந்திருக்கும். அந்தப் பையை வேறு யாருக்கும் கொடுக்கவும் முடியாது, தனக்கென்று எடுத்தது தனக்கு மட்டும்தான். அவ்வளவு பாடுபட்டு மாடி ஏறிக் கொடுத்த 350 மில்லியை அழித்துவிட்டார்கள்.

டாக்டரிடம் சொன்னபோது ஒரு பையை வைத்துக்கொண்டு இரண்டு காலிலும் கை வைக்க மாட்டேன் என்றார். வலது மட்டும் செய்தார். ரத்தம் கசிவதைக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் ஊசி போட்டார்கள், அதனால் இப்போதெல்லாம் ஒரு காலுக்கு மட்டும் என்றால் பலருக்கு ரத்தமே தேவைப்படாதாம். அம்மாவுக்குத் தேவைப்பட்டது. மூன்றாம் நாள் 7.6, உட்காரவைத்தாலே கண் இருட்டியது. இதிலும் ஒரு கூத்து, வார்டில் டியூட்டி மாறியிருந்தது, புதிதாக வந்த நர்ஸ் “ரெண்டு டோனர் கூட்டிட்டு வாங்க” என்றார். கடித நகல் என் பையிலேயே இருந்ததால் பிழைத்தோம். எடுத்துக் காட்டினேன், பத்து நிமிடத்தில் பை வந்தது.

தொங்கவிடுவதற்கு முன்னால் இரண்டு நர்ஸ் பெயர், எண், குரூப் எல்லாம் வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தார்கள். கையெழுத்து அட்டையை அம்மா முகத்துக்கு நேரே காட்டினார் ஒருவர். கண்ணாடி இல்லாமலே அம்மா, “எங்கையெழுத்துதான் தாயி, போடு” என்றாள்.

இடது காலுக்கு ஆவணியில் தேதி கேட்டிருக்கிறோம். இந்த முறை வேறு ரத்த வங்கி, கீழ்த்தளத்தில் இருக்கிறது. எந்தப் பை, எத்தனை நாள் தாங்கும் என்று போனிலேயே கேட்டுவிட்டேன், 42 என்றார்கள். ரத்தம் எடுத்ததும் லேபிளை போட்டோ எடுத்து, முடிகிற தேதியை வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையில் வட்டம் போட்டுவைப்பதாக இருக்கிறேன். ஆபரேஷன் தேதி தள்ளினால் முதல் போன் ரத்த வங்கிக்குத்தான். அம்மா இப்போதே காபியைத் தள்ளிவைத்துவிட்டாள்.