பீடிக் கட்டும் மருந்தின் அளவும்

மனநலச் செவிலியர் பாடத்தில் மனச்சிதைவு ஓர் அத்தியாயம். போதைப் பழக்கம் வேறோர் அத்தியாயம். வகுப்பும் தனி, தேர்வுக் கேள்வியும் தனி. சேலத்தில் நான் மாணவிகளை அழைத்துச் செல்லும் மனநலப் பிரிவிலோ இவ்விரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தே வருவதைத்தான் அடிக்கடி பார்க்கிறோம்.

மாணவிகள் எழுதும் நோயாளி விவரக் குறிப்பில் இந்தச் சங்கதி பெரும்பாலும், "புகையிலை உண்டு, மது எப்போதாவது" என்று ஒரே வரியில் முடிந்துவிடும். அந்த வரியை நான் ஏற்பதில்லை. பீடியா, மெல்லும் ஹான்ஸ் புகையிலையா? நாளைக்கு எத்தனை கட்டு? கடைசியாகப் பற்றவைத்தது எப்போது? அப்பா வயதுக்காரரிடம் இதையெல்லாம் கேட்பதற்கு அவர்கள் கூசுகிறார்கள். ஆனால் மருந்துக் கணக்கே இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. மனச்சிதைவுக்குக் கொடுக்கும் குளோசபைன், ஓலான்சபைன் ஆகிய மருந்துகளைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைப் புகையில் உள்ள வேதிப்பொருள்கள் தூண்டிவிடுகின்றன. அதனால் புகைப்பவருக்கு அதிக அளவு தேவைப்படுகிறது. புகை நின்றதும் நொதியின் வேகம் ஒரு வாரத்துக்குள் தணிந்து, அதே மாத்திரை இரத்தத்தில் கூடுதலாகத் தங்குகிறது. இது நிகோடினால் வருவதன்று என்பதால், ஹான்ஸ் மெல்லுபவருக்கு இந்த மாற்றம் இல்லை.

ஏற்காட்டில் காபித் தோட்ட வேலைக்குப் போகும் ஒருவர் இதை எங்களுக்குக் கண்முன் காட்டினார். வீட்டில் விழுங்கிய அதே அளவு குளோசபைன்தான் வார்டிலும் கொடுக்கப்பட்டது. மருத்துவமனைக்குள் பீடிக்கு மட்டும் இடமில்லை. சில நாட்களில் அவர் காலை பத்து மணியாகியும் எழாமல் கிடந்தார். தலையணை உறை எச்சிலில் ஊறியிருந்தது. எழுந்தால் நடை தள்ளாடியது. அவருடைய மனைவியோ, "இப்பத்தான் நல்லாத் தூங்குறாரு" என்று நிம்மதியாக இருந்தார். மூன்றாமாண்டு மாணவி ஒருத்தி, அவர் தன்னிடம் பலமுறை பீடி கேட்டதை உரையாடல் பதிவில் எழுதிவைத்திருந்தவள், ரவுண்ட்ஸுக்கு முன் என்னிடம் வந்தாள். "மேடம், மாத்திரை கூட்டலையே, பீடி நின்னதாலயா?" மருத்துவரிடம் அவளையே சொல்லவைத்தேன். அளவு குறைக்கப்பட்டது. வீட்டுக்கு அனுப்பும்போது, அவர் மறுபடி பீடியைத் தொட்டால் மறைக்காமல் வந்து சொல்லும்படி மனைவியிடம் அவளே விளக்கினாள். அப்போது இந்த அளவு போதாமல் நோய் திரும்பக்கூடும்.

மது விஷயத்தில் எங்கள் அறிவுரையே எதிராக வேலை செய்வதுண்டு. "மாத்திரை போட்டுக்கிட்டுக் குடிக்காதீங்க" என்று எச்சரித்து அனுப்புகிறோம். சம்பள நாளில் குவாட்டர் வாங்கியவர், அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டே மாத்திரையை விட்டுவிடுகிறார். ஒரு நாள் நான்கு நாளாகிறது. ஆகவே குடித்துவிட்ட நாளில் எந்த மாத்திரையை என்ன செய்வது என்பதை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கிக் கொடுக்கச் சொல்கிறேன். குடிக்க அனுமதி கொடுப்பது போலாகும் என்று சக ஆசிரியர்கள் சிலர் ஆட்சேபிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் குடிக்கப்போவது எங்கள் அனுமதிக்காகக் காத்திருப்பதில்லை.

மதுவையும் போதைப்பொருளையும் சார்ந்த மனநிலைகளை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. ஆனாலும் இடம் கேட்டு மறுவாழ்வு மையங்களுக்குப் பேசினால், "மனநோய் மாத்திரை சாப்பிடுறவரா? அதை முதல்ல சரிபண்ணிட்டு வாங்க" என்ற பதிலைக் கேட்டிருக்கிறேன். மனநலப் பிரிவிலேயே, குடியை நிறுத்திவிட்டு வரட்டும் என்பவர்களும் உண்டு. இப்போதெல்லாம் அந்தத் தொலைபேசி அழைப்பை மாணவிகளே பேச வேண்டும் என்று வைத்திருக்கிறேன். என்ன மருந்து, எவ்வளவு, கடைசியாகக் குடித்தது எப்போது, குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் வரக்கூடிய சன்னிக்கு, அதாவது நடுக்கத்தோடு வரும் கடும் மனக்குழப்பத்துக்கு, அங்கே மருத்துவர் இருக்கிறாரா என்று கேட்டு முடிப்பதற்குள், இரண்டு அத்தியாயங்களையும் அவர்கள் சேர்த்தே படித்தாக வேண்டியிருக்கிறது.