கன்னடத்தில் என் முதல் படம்: காந்திநகர் முதல் கே.ஜி. ரோடு வரை

கன்னடத்தில் முதல் படம் எடுக்க நினைக்கும் பையன்கள் என்னிடம் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: தயாரிப்பாளரை எப்படிப் பிடித்தீர்கள்? ஷூட்டிங் முடிந்தபோது கையில் எவ்வளவு மிச்சம் வைத்திருந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. என் படம் தியேட்டருக்கு வந்ததே அந்த மிச்சத்தால்தான்.

பெங்களூரு ஸ்ரீராமபுரத்துத் தமிழ்க் குடும்பம் எங்களுடையது. நான் படித்தது கன்னட மீடியம். சில வருடங்கள் கன்னடப் படங்களில் உதவி இயக்குநராக ஓடினேன். பேட்டா என்கிற தினப்படி வரும், சம்பளம் படம் ரிலீஸ் ஆகட்டும் என்பார்கள். அப்புறம் சொந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு காந்திநகரில் ஏறாத படி இல்லை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்தத் தெருக்கள்தான் கன்னட சினிமாவின் கோடம்பாக்கம். கதையைப் பாதி சொல்வதற்குள் போன் வரும், திரும்பி வந்து "ஹீரோ யாரு?" என்பார்கள். கோலார் பக்கம் மாவு மில் நடத்தும் அறுபது வயது அம்மாதான் ஹீரோ என்றதும் காபி சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

எனக்குத் தைரியம் கொடுத்தது பவன் குமார். ‘லைஃபு இஷ்டேனே’ இயக்கியவருக்கே அடுத்த படத்துக்குத் தயாரிப்பாளர் அமையவில்லை. நேராக மக்களிடம் கேட்டார். 27 நாளில் 110 பேர் 51 லட்சம் கொடுத்தார்கள். 2013இல் வெளிவந்த ‘லூசியா’ அப்படி உருவானதுதான். தமிழில் அது சித்தார்த் நடித்த ‘எனக்குள் ஒருவன்’ ஆனது. அவருக்கு இருந்த பெயர் எனக்கு இல்லை. பள்ளி நண்பர்கள், மாமன் மச்சான், அக்காவின் சீட்டுக் குழு என்று கேட்டுக் கேட்டுச் சேர்த்தேன். யாருக்கு எவ்வளவு பங்கு என்று வக்கீலை வைத்து எழுதிக் கொடுத்தேன்.

அப்போது ஒரு வயதான புரொடக்‌ஷன் மேனேஜர் சொன்னார், அவரும் தமிழர்தான்: "தம்பி, கடைசி நாள் ஷூட்டிங்ல பூசணிக்காய் உடைக்கிறதோட படம் முடியாது. மூணுல ஒரு பங்கைத் தொடாதே." அதைத் தனிக் கணக்கில் போட்டேன். அக்காவும் கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும் என்று வைத்துக்கொண்டேன். ஷூட்டிங்கில் விளக்கு வாடகைக்குத் தவித்த நாளிலும் அக்கா அசையவில்லை.

மில்லில் சிந்திய ராகியை ஆடுகள் நக்கித் தின்னும் காட்சி ஒன்று. திரையில் ஒரு நிமிடம்கூட வராது. அதற்கு விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், கால்நடை டாக்டர் சான்றிதழ் வேண்டும், ஆட்டுக்காரரின் கடிதம் வேண்டும். படம் முடிந்ததும் அந்தக் காட்சியைக் காட்டித் தடையில்லாச் சான்றும் வாங்க வேண்டும். அப்போது வாரியம் சென்னை திருவான்மியூரில் இருந்தது; 2018இல்தான் ஹரியானாவுக்குப் போனது. தமிழில் பேசிப் புரியவைக்க முடிந்ததால் எனக்கு அலைச்சல் குறைந்தது. ஆனால் வேறொரு ஷாட்டில் வாசலில் படுத்திருந்த தெருநாய்க்குக் காகிதம் ஏது? அந்த ஷாட்டை வெட்டிவிட்டேன். நல்ல ஷாட், இன்றும் மனசு கேட்கவில்லை. சென்சாருக்குப் போகும்போது ஃபிலிம் சேம்பர் டைட்டில் பதிவு, வசனப் பிரதி எல்லாம் ஒரே ஃபைலில் இருந்ததால் கோரமங்கலா சென்சார் ஆபீஸில் சிக்கல் வரவில்லை. ஒருவர் பீடி பிடிக்கும் இடங்களில் எச்சரிக்கை வரி போட்டதோடு சரி.

டப்பிங், நிறம் சரிசெய்யும் டி.ஐ., ஒலி மிக்ஸிங் எல்லாம் அந்தத் தனிக் கணக்கிலிருந்துதான். மிச்சம் ரிலீஸுக்கு. தியேட்டர்களுக்குப் பேர்போன கே.ஜி. ரோட்டில், அதாவது கெம்பேகவுடா ரோட்டில், எனக்குக் கிடைத்த தியேட்டர் வார வாடகைக்கு. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் முன்பணம் கட்டியாக வேண்டும். மல்டிபிளெக்ஸில் வாடகை இல்லை, வசூலில் பங்கு. ஆனால் எத்தனை காட்சி என்பது வியாழன் ராத்திரிதான் தெரியும். பெங்களூரில் தமிழ், தெலுங்கு, இந்தி எல்லாமே அதே திரைகளுக்குத்தான் வருகின்றன. ரஜினி படத்துக்கு விடிகாலையில் வரிசையில் நின்றவன் நான். எங்கள் வாரத்தில் ஒரு பெரிய தமிழ்ப் படம் வந்து, திங்கட்கிழமை எங்கள் காட்சிகள் பாதியானபோது அழுதேவிட்டேன்.

இரண்டாம் வார வாடகைக்குப் பணம் இருந்ததால் படம் நின்றது. பேச்சுப் பரவி, கோலாரில் ஒரு தியேட்டர்காரர் தானே கூப்பிட்டுக் கேட்டார்.

பங்கு போட்டவர்களுக்கு முழுப் பணமும் திரும்பவில்லை. ரூபாய்க் கணக்கை ஒவ்வொருவருக்கும் அனுப்பினேன். பாதிப் பேர் அடுத்த படத்துக்கும் தருகிறேன் என்கிறார்கள். இந்தத் தடவை ரிலீஸ் பணத்தை முதலில் அக்கா கணக்கில் போட்டுவிட்டு, அப்புறம்தான் லொகேஷன் பார்க்கப் போகிறேன்.