சாஸ்திரி போன மறுநாள்

ஜனவரி 11, தர்மபுரி

இன்று சாஸ்திரி நினைவு நாள். 1966ல் தாஷ்கண்டில் பாகிஸ்தானோடு ஒப்பந்தம் போட்ட சில மணி நேரத்தில் போய்விட்டார். காலையிலிருந்து வாட்ஸ்அப்பில் அதே சதிக் கதைகள். நான் உரம், விதை விற்கிறவன். என் கேள்வி வேறு. போர் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. மழையும் பொய்த்து, நாடே அமெரிக்கக் கோதுமைக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தது. அந்த நேரத்தில் பிரதமர் இறந்தால் என்ன ஆகும்?

அத்தையிடம் கேட்டேன். தர்மபுரி தனி மாவட்டமானது 1965 அக்டோபர் 2ல், சாஸ்திரி பிறந்தநாளன்று. அத்தைக்கு அதெல்லாம் நினைவில்லை. பஞ்சத்துக்காக சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விடச் சொன்னது மட்டும் மறக்கவில்லை. "திங்கக்கெழம ராத்திரி சாப்பிடாதீங்கன்னாங்க. நமக்கு மத்த ராத்திரி மட்டும் என்ன இருந்துச்சு? களி கிண்டவே ராகி இல்லடா."

ஜனவரி 12

கடையில் ஆளே இல்லை, பொங்கல் வேலையில் இருக்கிறார்கள். உட்கார்ந்து படித்தேன்.

எல்லோரும் தாண்டிப் போகிற ஆள் சி. சுப்பிரமணியம். 1964ல் சாஸ்திரி அவரை உணவு, விவசாய அமைச்சராக்கினார். அதிக விளைச்சல் தரும் மெக்சிகோவின் குட்டை ரகக் கோதுமையைக் கொண்டுவர அவருக்கு டில்லியில் எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. தன் பங்களாத் தோட்டத்திலேயே விதைத்துக் காட்டினார். 1965ல் வந்த விதை 250 டன்.

சாஸ்திரிக்குப் பின் குல்சாரிலால் நந்தா 13 நாள் தற்காலிகப் பிரதமர். காமராஜர் ஆதரவு திரட்டி இந்திராவைக் கொண்டுவந்தார். இந்திரா இந்த அமைச்சரை மாற்றவில்லை. முடிச்சு இங்கேதான் இருக்கிறது. அதே 1966ல் 18,000 டன் விதை வந்து இறங்கியது. புதிதாக வந்தவர் பழைய ஆர்டரை நிறுத்தியிருந்தால் ஒரு பருவம் போயிருக்கும். போன பருவத்தை எந்தக் கடனும் திருப்பித் தராது.

உடனே வயிறு நிறைந்துவிடவில்லை. அந்த வருஷமும் வறட்சி, பீகாரில் பஞ்சம். 1967 தேர்தலில் சுப்பிரமணியம் தோற்றார். 1968ல் கோதுமை விளைச்சல் 1 கோடியே 60 லட்சம் டன்னைத் தாண்டியபோது அவர் அமைச்சரில்லை.

ஜனவரி 13

குரூப் தேர்வுக்குப் படிக்கும் தங்கை மகனோடு வாக்குவாதம். 1966 ஜூனில் டாலர் 4.76 ரூபாயிலிருந்து 7.50 ஆனதே, சாஸ்திரி இருந்திருந்தால் விட்டிருப்பாரா என்கிறான். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ரூபாய் மதிப்பைக் குறைக்கக் கூடாதென்று நின்ற டி.டி. கிருஷ்ணமாச்சாரி, சாஸ்திரி இருக்கும்போதே நிதியமைச்சர் பதவியை விட்டுப் போய்விட்டார். வெளிக்கடன் நெருக்குகிறபோது நாற்காலியில் யார் இருந்தாலும் குனியத்தான் வேண்டியிருக்கும்.

அப்புறம் லிங்கனைப் பற்றிச் சொன்னேன். 1865 ஏப்ரலில் அவரைச் சுட்டுக் கொன்றபின் வந்தவர் ஆண்ட்ரூ ஜான்சன். விடுதலையான கறுப்பின மக்களுக்கு ஒதுக்கிய நிலத்தை அதே வருஷம் பழைய பண்ணை முதலாளிகளிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். அங்கே போனது ஒரு பருவம் மட்டுமல்ல.

"இதெல்லாம் கேக்க மாட்டாங்க மாமா, தேதிதான் கேப்பாங்க" என்று புத்தகத்தைப் புரட்டினான்.